சகலை கிழித்த மண்ணீரல்

ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்ப என்ன விலை?

துணிக்கடைக்காரர் தன் மண்ணீரலையே கொடுத்திருந்தார். மலிவு என்றுதான் பட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டில். வயிற்றில் நீளத் தையல். எதிரே நாற்காலியில் பெண் இன்ஸ்பெக்டர்.

"மறுபடி சொல்லுங்க. உங்க சகலை என்ன பண்ணினார்?"

"நேத்து அவன் கடை திறப்பு விழா மேடம். மாமனார்தான் ரிப்பன் வெட்டினார். எல்லாரும் பாக்க என்னைக் கட்டிப்பிடிச்சான். அந்தச் சாக்குல... இடது விலாவுல முழங்கையால ஒரு இடி. கொஞ்ச நேரத்துல விழுந்துட்டேன்."

"கொலை முயற்சின்னு எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க."

இடி நிஜமாகவே பட்டதா? அவருக்கே நிச்சயமில்லை. பட்டது என்று சொல்ல இனித்தது.

சகலை, அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பின்னால் வந்த மாப்பிள்ளை... முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டான்! இவருக்கு ஒற்றை ஷட்டர் கடை. அவனுக்கு மூன்று மாடி, கண்ணாடிக் கதவு.

ஆபரேஷன் செய்த டாக்டர் உள்ளே வந்தார்.

"ஒரு சந்தேகம். மண்ணீரல் கிழிஞ்சு வயிறு பூரா ரத்தம், அதை எடுக்க வேண்டியதாச்சு. ஆனா வெளியில கன்றிப்போன தடம்கூட இல்ல."

"கெட்டித் துணி டாக்டர். நம்ம கடைச் சரக்கு."

"இருக்கட்டும். உங்க பெருங்குடல் கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி காலியா இருந்துச்சு. பேதி மருந்து எதுக்குக் குடிச்சீங்க?"

துணிக்கடைக்காரர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மூலையில் நின்ற மனைவி வாயைத் திறந்தாள்.

"முந்தாநாள் சரக்கு எடுக்கணும்னு வெளியூர் போனார். வெறுங்கையோட வந்தார்."

"கொலோனோஸ்கோபி," என்றார் டாக்டர். "ஆசனவாய் வழியா கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பாக்கறது. செஞ்சுக்கிட்டீங்களா?"

துணிக்கடைக்காரர் லேசாகத் தலையசைத்தார்.

"பெருங்குடலையும் மண்ணீரலையும் ஒரு சவ்வு பிடிச்சிருக்கு. குழாய் வளைவுல திரும்பறப்ப அது இழுபட்டா மண்ணீரல் கிழியலாம். ரொம்ப ரொம்ப அபூர்வம். ரத்தம் மெல்லக் கசியும். ஆள் மறுநாள்கூட விழலாம். இடது தோள் வலிச்சுதா?"

"திரும்பி வர்ற பஸ்ல... ஜன்னல் காத்துன்னு நெனச்சேன்."

"அப்ப கட்டிப்பிடிக்கறதுக்கு முந்தியே கிழிஞ்சாச்சு," என்றாள் இன்ஸ்பெக்டர். "இங்க கொண்டுவந்தப்ப ஏன்யா சொல்லல?"

"சொன்னா எனக்கு வியாதின்னு வெளிய தெரியும். 'சகலைக்கு முடியல, அவர் கடையையும் நானே பாத்துக்கறேன் மாமா'ன்னு வந்து நிப்பான்."

"அதுக்காகச் சாகத் துணிஞ்சீங்களா?" மனைவியின் குரல் உடைந்தது.

"சாவு ஒரு தடவைதான்டி. அவன் முன்னாடி தலைகுனியறது தினமும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினாள்.

"பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு, தெரியுமா? அங்க ஒரு நல்ல மனுஷன் லாக்கப்புல..."

அவள் போன் அடித்தது. ஸ்டேஷன். கேட்கக் கேட்கப் புருவம் ஏறியது. ஸ்பீக்கரில் போட்டாள்.

சகலையின் அழுகைக் குரல்!

"வேணும்னுதான் இடிச்சேன் மேடம். உயிருக்கு ஆபத்தாகும்னு சத்தியமா நெனக்கல. ரிப்பனை வெட்டின கையோட மாமனார் என் காதுல என்ன கேட்டார் தெரியுமா? 'பெரிய மாப்பிள்ளைக்குக் கடை பிடிச்சுதா?'ன்னு. மூணு மாடி கட்டியும் சகலை வாயால நல்லா இருக்குன்னு வந்தாத்தான் செல்லும். கல்யாணமான நாள்லேர்ந்து அவரைப் பாத்து வயிறு எரியறேன்."



துணிக்கடைக்காரரின் வெளுத்த முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

"என்னைப் பாத்தா? அவனா? மேடம்... இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

"உங்களுக்குக் கேஸ் வேணுமா, வேண்டாமா?"

"வாபஸ். இப்பவே வாபஸ். பாவம், விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவர் பொறாமையும் உங்க பொறாமையும் நேருக்கு நேர் கழிஞ்சு போச்சு. மண்ணீரல் ஒண்ணு மட்டும் பாக்கி நிக்குது. அதை யார் பேர்ல எழுதறது?"

துணிக்கடைக்காரர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாமனார் பேர்ல எழுதுங்க."