அலெக்சாந்திரியாவில் ஒரு பேரீச்சம்பழம்

மாலை ஆறு இருபதுக்கு மைஸா கதவைத் திறந்தபோது அடுப்பில் பருப்பு சூப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் அக்கா ரத்வா சமையலறைத் தரையில் கிடந்தாள். கழுத்தில் அவளுடைய தலைத்துணியே இறுகியிருந்தது.

மேசையில் பாதி குடித்த தண்ணீர். பக்கத்தில் ஒரு பேரீச்சங்கொட்டை. அதிகாரி வகீஹ் அதைத்தான் முதலில் பார்த்தார். சூரியன் மறைந்து தொழுகைக்கான பாங்கு கேட்டதும் நோன்பு திறந்திருக்கிறாள். ஆக, ஆறு மணிக்கு உயிரோடு இருந்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கெய்ரோவின் தெருக்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. வாயிற்காவலாளிகூட அறைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். கொலைகாரன் அதை எண்ணித்தான் வந்திருக்கிறான். பூட்டு உடையவில்லை. தங்கைதான் சாவியை மறந்துவிட்டாள் என்று நினைத்துத் திறந்திருப்பாள்.

ரத்வாவின் ஆறு வயது மகள் லீனா மாடி வீட்டுக்கு நோன்பு விருந்துக்குப் போயிருந்தாள். அதனால் பிழைத்தாள்.

"இந்த வீடு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது பாஷா," என்றாள் மைஸா. போலீஸ் அதிகாரிகளை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். " விவாகரத்து கேஸ் போட்ட அன்னிக்கே இங்க வந்துட்டா. வக்கீலுக்குக்கூட என் ஆபீஸ் முகவரிதான் குடுத்தோம்."

"நெட்டுல படம் ஏதும் போட்டீங்களா?"

மைஸா சுவரைப் பார்த்தாள்.

"அவ புருஷன் ஹாத்தெம் தினமும் வீடியோ போடுவான் பாஷா. பொண்டாட்டி ஓடிட்டா, புள்ளையப் பட்டினி போடறான்னு. கீழ நூறு பேரு ஆமா போடுவாங்க. ரத்வா வாயே திறக்கல. என்னால பொறுக்க முடியல. போன வாரம் நோன்பு மேசைய நான்தான் படம் எடுத்துப் போட்டேன். புள்ள நல்லா சாப்பிடுதுன்னு காட்ட."

படத்தில் லீனா சிரித்தாள். அவளுக்குப் பின்னால் பால்கனி, தெருவுக்குக் குறுக்கே ரமலான் விளக்குத் தோரணம், எதிர்ப்பக்க மருந்துக்கடையின் பலகை. பெயரைப் படிக்க முடிந்தது.

ஹாத்தெம் ஒன்பதரைக்குக் காவல் நிலையத்துக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. மகளை இப்போதே அழைத்துப் போக வேண்டும் என்றான். தடுக்க வகீஹுக்கு ஒரு காரணம் வேண்டும். அன்று வியாழன். வெள்ளியும் சனியும் விடுமுறை; அவன் கைப்பேசி எங்கே இருந்தது என்ற தொலைபேசி நிறுவனத்தின் பதில் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வராது. நடைக்கூடத்து பெஞ்சில் லீனா சித்தியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் எங்க இருந்தே?"

"அலெக்சாந்திரியாவுல, பாஷா. சரக்கு பாக்கப் போனேன். நோன்பு திறந்ததே கடற்கரைல, கார்லதான். நான் சொல்லணுமா? ஆயிரம் பேரு பாத்திருக்காங்க."

கைப்பேசியை நீட்டினான். காருக்குள் ஹாத்தெம். வானொலியில் பாங்கு தொடங்குகிறது. திறந்த ஜன்னல் வழியே ஒரு பள்ளிவாசலின் பாங்கும் சேர்ந்து ஒலிக்கிறது. அவன் பேரீச்சம்பழத்தை உயர்த்திக் காட்டி, "தனியா நோன்பு திறக்குற எல்லா அப்பன்களுக்கும்" என்று சொல்லி வாயில் போடுகிறான். மேலே ஊர்ப்பெயர்: அலெக்சாந்திரியா.

"ஊர்ப்பேர நாமளே போட்டுக்கலாம்ல?"

"போடலாம். நேரத்தப் போட முடியாதே. பாங்கு முடிஞ்ச கையோட ஏத்தினேன்." லேசாகச் சிரித்தான். "பாஷா இதெல்லாம் பாக்குறதில்ல போல."

வகீஹ் மறுபடி ஓடவிட்டார், இம்முறை கண்ணை மூடிக்கொண்டு.

"வெளிய கேக்குற பாங்கு எந்தப் பள்ளி?"

"கடற்கரைல ஏதோ ஒண்ணு."

"ரேடியோல கேட்டதும் வாயில போட்டுட்டே."

"பாங்கு சொன்னா திறக்க வேண்டியதுதானே?"

"நான் அலெக்சாந்திரியாக்காரன்டா."

ஹாத்தெமுக்குப் புரியவில்லை.

"ரேடியோல வர்றது கெய்ரோ பாங்கு. 'வெளியூர்க்காரங்க உங்க ஊர் நேரத்தப் பாத்துக்கங்க'ன்னு தினமும் சொல்றான். பொறந்ததுலேருந்து கேட்டிருப்பே. கெய்ரோக்காரன் காதுல அது விழாது, அவனுக்குத் தேவையில்ல. எங்க ஊர்ல சூரியன் அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் மறையும். ரேடியோ சொல்லி முடிச்சும் நாங்க சூப் கிண்ணத்த மொறச்சிக்கிட்டு உக்காந்திருப்போம். ரேடியோவும் தெருப் பள்ளியும் ஒண்ணாச் சொல்ற ஊரு இதுதான். கெய்ரோவுல இருந்துக்கிட்டு அலெக்சாந்திரியான்னு எதுக்குப் போட்டே?"

ஹாத்தெம் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"மருந்துக்கடைப் பலகையப் பாத்துத் தெருவக் கண்டுபிடிச்சே. கார்ல உக்காந்து படம் புடிச்சு ஏத்தினே. மேல போயி ரத்வாவக் கொன்னே. எங்க நிறுத்தினேங்கிறத ஞாயித்துக்கெழம கம்பெனிக்காரன் சொல்லுவான்."

ஹாத்தெமின் கை கைப்பேசியை நோக்கி நகர்ந்தது. வகீஹ் அதை மேசையின் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.

அவனை உள்ளே கொண்டுபோனார்கள். வகீஹ் நடைக்கூடத்துக்கு வந்தார். மைஸா ஒரு கையால் லீனாவின் காதைப் பொத்திக்கொண்டு, மறுகையில் தன் கைப்பேசியைப் பிடித்திருந்தாள். அதே வீடியோ. சாவுச் செய்தி அதற்குள் பரவியிருந்தது. கீழே இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ் உன் நோன்பை ஏற்றுக்கொள்ளட்டும், சகோதரா. அவளுக்கு இது வேண்டியதுதான்.

"இத நெட்டுலேருந்து எப்ப எடுப்பாங்க பாஷா?"

"கேஸ் முடியணும்மா. அதுதான் சாட்சி."

"இவ கீழ எழுதியிருக்கிறத எழுத்துக் கூட்டிப் படிப்பா. அதுவரைக்கும் இவகிட்ட நான் என்ன சொல்றது?"