இடது பக்கத்துக் குரல்

மதியச் சாப்பாட்டை முடித்து, வாயைத் துடைத்த கையோடு அக்கா சுரங்கத்துக்குள் இறங்கினாள். சின்னவர் பெரியவர் என்று பார்க்காமல் எல்லோருக்குமே அவள் அக்காதான். மீட்புக் குழுவின் டெலிபோன் அவள் பொறுப்பு. கீழே பம்ப் அறைப் பக்கம் தீ. பம்ப்காரர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்.

நல்ல காற்று வரும் கடைசி இடத்தில், பாறையைக் குடைந்த ஒரு மூலை. அங்கே அவளுக்கு ஒரு முக்காலி, ஒரு ஹெட்போன், பக்கத்தில் பெரிய கேபிள் உருளை. பாறைக்குள் வயர்லெஸ் எடுபடாது. குழு போகப் போக கேபிளையும் இழுத்துக்கொண்டே போகும். அதன் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போகிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"அக்கா, வீட்டுல என்னைத் திட்டுற மாதிரியே சத்தமா பேசு. அப்பதான் காதுல ஏறும்."

"முதல்ல வந்து சேருடா. அப்புறம் திட்டுறேன்."

டெலிபோன்காரர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்ன பிறகுதான் அது உத்தரவு. அக்காவுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். வீட்டில் யாராவது "உப்பு எடு" என்றால்கூட "உப்பு எடு" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

உருளை மெதுவாகச் சுற்றியது. கருகின ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. குழுவின் கேப்டனுடைய குரல் முகமூடிக்குள்ளிருந்து, குடத்துக்குள் பேசுவதுபோல வந்தது.

"முன்னாடி ரெண்டு வழி பிரியுது. கண்ணு தெரியல. எந்தப் பக்கம்?"

பக்கத்தில் வரைபடத்தோடு நின்ற இன்ஜினியரை அக்கா திரும்பிப் பார்த்தாள். அதற்குள் காதில் பதில் வந்துவிட்டது.

"இடது பக்கம் வாங்க."

"இடது பக்கம் வாங்க," என்றாள் அக்கா.

"இடது பக்கம். சரி," என்றார் கேப்டன்.

இன்ஜினியரின் முகம் வெளிறியது. "இடதுன்னு யாரும்மா சொன்னது?"

"கேப்டன்தான சார்..." என்றவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வழி கேட்டவர்தான் கேப்டன். சொன்னது வேறு ஆள். அந்தக் குரல் தெள்ளத் தெளிவாக இருந்தது.

அந்தப் புகையில், முகமூடி இல்லாமல் பேசிய குரல்.

"இடது பக்கம் சுவர் வச்சு மூடினது." இன்ஜினியர் கிசுகிசுத்தார். "எப்பவோ நடந்த தீ. அணைக்க வேற வழியில்லாம, உள்ள ஆளுங்க இருக்கும்போதே மூடிட்டாங்களாம். அங்க கூரை நிக்காதும்மா. கூப்பிடு!"

"நிறுத்துங்க! திரும்பி வாங்க!" என்றாள் அக்கா.

"நிறுத்துங்க. திரும்பி வாங்க," என்று காதில் பதில் வந்தது.

"திருப்பிச் சொன்னாங்களா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"சொன்னாங்க சார்."

அப்பாடா என்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் உருளை நிற்கவில்லை.

கேபிள் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

"தம்பி! நில்லுடா!" அக்கா கத்தினாள்.

"தம்பி, நில்லுடா," என்றது அந்தத் தெளிவான குரல். ரொம்பப் பிரியமாகச் சொன்னது.

ஐயோ, என் வாயாலேயே அவனை அனுப்பிவிட்டேனே! அக்கா முக்காலியை எட்டி உதைத்துவிட்டு ஓடி, கேபிளை இரண்டு கைகளாலும் பிடித்தாள். உள்ளங்கை கிழிந்தது. விடவில்லை. பேச முடியாமல் போனால் மூன்று இழுப்பு, திரும்பி வா என்று அர்த்தம். பாறையில் காலை ஊன்றி, உயிரைக் கொடுத்து இழுத்தாள்.

இரண்டு இழுப்புக்கும் கேபிள் அசையவில்லை.

மூன்றாவதில் தளர்ந்தது. உள்ளே எங்கோ பெரிதாக ஏதோ சரிந்து விழ, தரை அதிர்ந்தது.

"பிரியிற இடத்துக்கே வந்துட்டோம்." குடத்துக்குள்ளிருந்து வரும் கேப்டனின் குரல் கேட்டதும் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தத் தடவை இன்ஜினியரின் வாயைப் பார்த்து, அவர் "வலது" என்ற பிறகே வலது என்றாள்.

பம்ப்காரரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். தம்பி முகமூடியைக் கழற்றினான். "சுவர் இடிஞ்சு கிடந்துச்சுக்கா. ஒரு காலை உள்ள வச்சுட்டேன். நீ இழுத்த இழுப்புல மல்லாக்க விழுந்தேன். மறு நிமிஷம் கூரை வந்துடுச்சு. ஆமா, இடதுன்னு சொன்னதுக்கப்புறம் நீ ஏன் பேசவே இல்ல?"

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

எல்லோரும் மேலே போனபின் அக்கா ஹெட்போன் வயரை டெலிபோன் பெட்டியிலிருந்து பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஹெட்போனைக் கழற்றத்தான் கையைத் தூக்கினாள்.

"உங்க தம்பி வந்துட்டாரா?"

அவள் மடியில் கிடந்த வயரின் நுனியைப் பார்த்தாள்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டான்," என்றாள் அக்கா.

"சந்தோஷம்." குரலுக்குப் பின்னால் யார் யாரோ இருமினார்கள். "எங்களைக் கூப்பிட எப்ப வருவீங்க?"

பயம் போன இடம் தெரியவில்லை. அவர்களும் யாருடைய தம்பிகளோ. என்ன சொல்வது?

"வருவோம்," என்றாள். அன்றைக்குச் சுவர் வைத்தவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"வருவாங்களாம்," என்று அந்தக் குரல் யாரிடமோ சொன்னது.

"வருவாங்களாம்," என்றது அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் வேறொன்று. ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்லிச் சொல்லி, அந்தச் செய்தி உள்ளே, இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.