மூன்று கால் குருவி

சண்டை போடலாம் என்று அவள் அந்தக் கூடத்துக்குள் நுழையவில்லை. மழை... கையில் குடை இல்லை... வாசலில் 'மாதிரி ரயில் கண்காட்சி, அனுமதி இலவசம்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

உள்ளே நீளமான மேசை. ஒரு கோடியில் எண்ணெய் ஆலை, மறு கோடியில் சோப்புத் தொழிற்சாலை. நடுவே விரல் நீள எஞ்சின் ஒன்று ஆறு டேங்கர் வேகன்களை இழுத்துக்கொண்டு ஊர்ந்தது. நான்காவது வேகன் அவளைக் கடந்தபோது அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

டேங்கின் வயிற்றில் கடுகளவில் ஒரு வெள்ளைக் குருவி... மூன்று கால்களோடு!

"யாருங்க இதச் செஞ்சது?"

மேசைக்கு அடியிலிருந்து ஒருவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் 'ணங்' என்று தலையை இடித்துக்கொண்டான்.

"நான்தாங்க. பகல்ல பல்செட் செய்வேன், சாயங்காலம் ரயிலு... ஏன், எதாவது கழண்டுடுச்சா?"

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு நூறு கண்களை அளவெடுப்பாள். எந்தக் கண்ணும் அவளை ஒன்றும் செய்ததில்லை. இந்த இரண்டும் ஏன் இப்படி, இப்போதுதான் மழையில் கழுவியதுபோல... சே, என்ன நினைப்பு இது!

"இந்தக் குருவிய எங்க பாத்தீங்க?"

"சோப்பு ஃபேக்டரில. டேங்கர்லேர்ந்து எண்ணெய் இறக்குற வேலை எங்கப்பாவுக்கு. சனிக்கிழமை நான் சாப்பாடு கொண்டுபோவேன். வாரம் தவறாம ஏதாவது ஒரு வேகன்ல சாக்பீஸ்ல இது வந்துடும். மூணு கால் குருவி!"

"அது கால் இல்ல. மொத தடவ வரையறப்ப, எங்கப்பா என்னைத் தூக்கிப் பிடிச்சிருந்தாரு, எஞ்சின் ஊதிடுச்சு. பயத்துல கோடு இழுத்துக்கிச்சு. அப்புறம் அதுவே பழகிடுச்சு."

அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தான்.

"நீங்களா?"

"அப்ப குருவிக்குக் கீழ புழு வரைஞ்சு அனுப்பினது...?"

"நான்தான். அவ்ளோ தூரம் வந்த குருவி, பட்டினியாவா திரும்பிப் போகும்?"

சிரிப்பு உதடு வரை வந்தது. அதற்குள் பழைய கோபம் முந்திக்கொண்டது.

"அப்ப அந்தப் பெயிண்டும் உங்க வேலைதானா?"

அவளுடைய அப்பா எண்ணெய் ஆலையின் தண்டவாளத்தில் வேகன்களைக் கோத்துவிடும் வேலையில் இருந்தவர். சாக்பீஸ் படத்தை யாரும் கண்டுகொண்டதில்லை. ஒரு வாரம் வேகன் திரும்பி வந்தபோது குருவியும் புழுவும் கெட்டியான வெள்ளைப் பெயிண்டில் இருந்தன. மேலாளர் குதித்தார். அப்பா மகளைக் காட்டிக்கொடுக்காமல், "நான்தாங்க" என்று தலையைக் குனிந்தார். மறுநாளே அவரைச் சாக்குக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும் வரை அவர் தண்டவாளத்தில் கால் வைக்கவே இல்லை. யாரோ வேண்டுமென்றே மாட்டிவிட்டான் என்று அவள் பதினெட்டு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"அந்த வாரம் மழைங்க... இங்க வரும்போதே பாதிக் குருவி கரைஞ்சிருந்துச்சு. திரும்பறதுக்குள்ள முழுசா போயிடுமேன்னு பெயிண்டர்கிட்ட கெஞ்சி டப்பா வாங்கி, உங்க கோட்டு மேலயே வரைஞ்சேன். அழியக்கூடாதுன்னுதான்... வேற ஒண்ணும் தெரியாது. அப்புறம் குருவியே வரல. ஏன்னு இப்பதான் தெரியுது. உங்கப்பாவ நான் பாக்கணும்."

"ஒண்ணும் வேண்டாம்!"

விறுவிறுவென்று மழையிலேயே இறங்கி நடந்துவிட்டாள். பாதி வழியில்தான் தான் அழுவது தெரிந்தது.

வீட்டில் அப்பா முழுவதையும் கேட்டார்.

"கஷ்டமாத்தாண்டி இருந்துச்சு, வாலு. ஆனா அந்தப் பெயிண்ட்... உன் கோட்ட விட்டு ஒரு இழை கூட வெளிய போகல. அழிக்கச் சொன்னப்ப எனக்குக் கையே வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சின்னப் பையன் மேல எத்தன வருஷம் கோவிச்சுக்கறது? நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

"நீ எதுக்குப்பா?"

"நான் ரயில் பாக்க. நீ எதுக்குன்னு நான் கேட்டேனா?"

மறுநாள், கண்காட்சியின் கடைசி நாள். அவன் அப்பாவின் முன்னால் வந்து கை கூப்பினான். அப்பா அவன் தோளைத் தட்டிவிட்டு, "மொதல்ல வண்டியக் காட்டு தம்பி" என்றார். குட்டி வேகன்களை ஒவ்வொன்றாகக் கோக்க உட்கார்ந்தவர், நிமிரவே இல்லை.

நான்காவது வேகன் வெறுமையாக இருந்தது.

"குருவி எங்க?"

"அழிச்சிட்டேன். உங்களோடத உங்களக் கேக்காம ரெண்டு தடவ வரைஞ்சிட்டேன்..."

அவள் கைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தாள். நுனி ஊசியாகச் சீவியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். ஒன்று, இரண்டு... மூன்று கால்.

"மேல வார்னிஷ் அடிக்கவா? கை பட்டாலே போயிடும்."

"அடிக்காதீங்க. அழிஞ்சா நான் வந்து மறுபடி போடறேன்."

"தினம் அழிஞ்சா?"

"தினம் வரேன்."

அவன் காது மடல்கள் சிவந்தன. அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, குருவிக்குக் கீழே ஒரு புழுவை வரைந்தான். நிமிராமலே பேசினான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... நேத்துலேர்ந்து இல்ல. பன்னெண்டு வயசுலேர்ந்து. ஆள்தான் யாருன்னு தெரியல."

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் சுண்டுவிரலை நீட்டி, குருவியை மெல்லத் துடைத்துவிட்டாள்.

"அச்சச்சோ... அழிஞ்சிடுச்சே! கண்காட்சி வேற இன்னியோட முடியுது." அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "உங்க வீடு எங்க இருக்கு?"