சில்வண்டு அடங்கும் இடம்

இடப்பக்கத்துப் புதரில் யாரும் நடக்கவில்லை. ஆனாலும் அங்கே சில்வண்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

லூசியா தலையைச் சாய்த்துக் கேட்டாள். குயிலாப்பாளையத்துக்குப் பின்னாலிருக்கும் இந்தக் காட்டில், நர்சரிக்கு விதை பொறுக்கியே பாதி வயதைக் கழித்தவள் அவள். சாயங்காலமானால் காடு முழுக்கச் சில்வண்டு கத்தும். மனுஷக் கால் பட்ட இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்ளும், கால் தாண்டிப் போனதும் மறுபடி ஆரம்பிக்கும். அவளைச் சுற்றி ஒன்றும் தங்கை ரோஜாவைச் சுற்றி ஒன்றுமாக இரண்டு மௌனங்கள் கூடவே வந்துகொண்டிருந்தன. மூன்றாவது யாருக்கு?

"அக்கா, இங்க பாரேன்! எறும்பு இலைய தச்சிக்கினு இருக்குது!"

திண்டிவனத்தில் மாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்தவளுக்கு முசுறு கூடு கட்டுவது பெரிய அதிசயமாகப் போயிற்று.

"குஞ்ச வாயில கவ்விக்கினு தைக்குது பாரு. அந்தக் குஞ்சு வாயிலேர்ந்துதான் நூலே வரும்."

"அடேங்கப்பா, பச்சப்புள்ளையையே வேலை வாங்குதா? உன்ன மாதிரிதான்." ரோஜா ஆறு மாத வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

"வயித்துப்புள்ளக்காரிய காட்டுக்கா இட்டுக்கினு போறீங்க?" என்று அவள் புருஷன் சகாயராஜ் காலையில் மல்லுக்கு நின்றான். "இருட்டறதுக்குள்ள கொண்டாந்து உட்டுடறேன் தம்பி, நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் லூசியா அழைத்து வந்திருந்தாள்.

மேகம் கவிந்து கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் பழுப்பேறிக்கொண்டிருக்க, நனைந்த செம்மண்ணும் அழுகிய பழமும் கலந்த வாடை மூக்கில் ஏற, அவர்கள் நடந்தால் அந்த மூன்றாவது மௌனமும் நடந்தது, அவர்கள் நின்றால் அதுவும் நின்றது, சருகு ஒன்றுகூட நொறுங்காமல், ஒரு கிளைகூட அசையாமல்.

"போதும்டி, ஜல்தியா நட."

"இன்னாக்கா பேஜாரு பண்ற? பைய அந்த வீரை மரத்தாண்டயே வச்சிட்டேன். எட்துக்கினு வந்துடறேன்."

"நீ இரு, நான் போறேன்" என்று லூசியா சொல்வதற்குள் ரோஜா மரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

லூசியா காதாலேயே தங்கையைப் பின்தொடர்ந்தாள். ரோஜாவின் மௌனம் மரத்தடி வரை போய் நின்றது. இடப்பக்கத்து மௌனம் புதரைவிட்டுக் கிளம்பியது. பாதையைக் கடந்தது. அவசரமே இல்லாமல். மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டும் ஒன்றாயின.

"ரோஜா!"

லூசியா எட்டிப் பார்த்தாள்.

"அடியே, ரோஜா!"

"வந்துட்டேன்க்கா. ஏன் ஊரைக் கூட்டற?"

மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தோளில் பை. அதே சிரிப்பு. வயிற்றின் மேல் ஒரு கை. லூசியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளக் காலெடுத்தாள்.

நின்றாள்.

சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன.

ரோஜா மிதித்த சருகில். வைத்த ஒவ்வோர் அடியிலும். பாதையைக் கடந்துகொண்டிருந்த முசுறு வரிசை அவள் வெறும் பாதத்தின் மேல் ஏறியது. இறங்கியது. கலையவில்லை. கடிக்கவில்லை. கல்லைத் தாண்டிப் போவதுபோல் போயிற்று.

மரத்துக்குப் பின்னால் மட்டும் சத்தம் இல்லை. அந்த மௌனம் அங்கேயே கிடந்தது. ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு.

"இன்னாக்கா முழிக்கிற? இருட்டிக்கினு வருது. வா, வூட்டுக்குப் போலாம்."

"மரத்துக்குப் பின்னால... யாரு?"

"அங்க ஒண்ணும் இல்லக்கா."

ரோஜா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமில்லை. செல்லமாகத்தான். லூசியா கையை உதறினாள். மரத்தை நோக்கி ஓரடி வைத்தாள்.

காலடியில் சருகு நொறுங்கியது.

சருகுக்கடியிலிருந்த சில்வண்டு அவள் காலுக்கும் அடங்காமல் கத்திக்கொண்டேயிருந்தது.