கம்ப்யூட்டருக்குத் தைத்த கோட்டு

எங்கள் வீட்டில் உடுப்பு இல்லாத பொருளே கிடையாது. மிக்சிக்கு ஒரு உடுப்பு, டிவிக்கு ஒரு உடுப்பு, ரிமோட்டுக்குக்கூடச் சின்னதாக ஒன்று. அப்பா தையல்காரர். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

அம்மா நர்ஸ். தூர தேசத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதிலிருந்து அப்பாவின் கை சும்மா இருப்பதே இல்லை. முன்னறையில்தான் அவருடைய கடை. வாடிக்கையாளர் துணியெல்லாம் தைத்து முடித்த பிறகும் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். எழுந்து உள்ளே வந்தால் அம்மா இல்லாதது தெரியும். அதனால் வெட்டித் தள்ளிய துணியில் எதற்காவது உறை தைத்துக்கொண்டே இருப்பார்.

"அசையாம நிக்காதே, உனக்கும் ஒரு உறை தைச்சுடுவாரு" என்று தம்பியைப் பயமுறுத்துவேன். அவன் உடனே குதிக்க ஆரம்பித்துவிடுவான்.

தம்பியை எல்லாரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் போகிற வயசு இன்னும் வரவில்லை. பேச்சு மட்டும் எங்கள் எல்லாரையும் விட அதிகம்.

வீட்டிலேயே பிரமாதமான உடுப்பு கம்ப்யூட்டருக்குத்தான். "இதைப் பத்திரமா பாத்துக்கோங்க. இதுலதான் நான் வருவேன்" என்று அம்மா கிளம்பும்போது சொல்லியிருந்தார். விடுவாரா அப்பா? மேஜை மேல் நிற்கிற பெரிய பெட்டிக்கு வெல்வெட்டில் கோட்டு தைத்தார். உள்ளே பஞ்சு வைத்து, அதற்கும் உள்ளே லைனிங் கொடுத்தார். சுவிட்சுக்கு நேராக, அதை அழுத்த ஒரு காஜா, பொத்தான் துளை மாதிரி. பின்னால் ஒயர்கள் வெளியே வர ஓட்டைகள். கழுத்துவரை பொத்தான்.

"ஒரு தூசி உள்ள போகட்டும் பாக்கலாம்!" என்று சவால் விட்டார்.

அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் அம்மாவின் குரல் மட்டும்தான் வரும். வாண்டு அந்தப் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, "இதுல அம்மா இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைதான் எங்களுக்கு அம்மா. இரவு வேலை முடித்து, தன் அறைக்கு வந்து, உடை கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிடுவார்.

முதலில் அப்பா பேசுவார். பேசுவார் என்றா சொன்னேன்?

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு."

அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்தது நான். வாண்டு கடைசி. அவன் நாற்காலியில் ஏறிவிட்டால் யாராலும் இறக்க முடியாது என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில்தான் வினை வந்தது.

வாண்டு ஏறி உட்கார்ந்து, "அம்மா, நம்ம பூனை இருக்குல்ல..." என்று ஆரம்பிப்பான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே 'உய்ங்ங்' என்று ஒரு சத்தம் ஏறும். பட்டென்று திரை கறுத்துவிடும். அம்மா காணாமல் போய்விடுவார். உடனே மறுபடி போட்டால், முன்பைவிடச் சீக்கிரம் அணைந்துவிடும். அதற்குள் அங்கே அம்மா தூங்கும் நேரம் தாண்டிப் போயிருக்கும்.

சில வாரங்கள் இப்படியே ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாண்டுவின் முறை வந்தபோது ஆளைக் காணோம். தேடினால், அப்பா துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான்.

"வாடா, அம்மா கூப்பிடுறாங்க."

"நான் வரல."

"ஏன்டா?"

"நான் பேசினா அம்மா போயிடுவாங்க."

அவன் சொன்னதில் பிழை இல்லையே. ஒவ்வொரு வாரமும் அவன் வாயைத் திறந்ததும்தானே அம்மா போனார்? திரையில் அம்மா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாண்டு தூங்கிட்டான்மா" என்று பொய் சொன்னேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"என்னை மறந்துடுவானோ?" என்று கேட்டார். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

அடுத்த நாளே அப்பா மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்தார். அண்ணன் கோட்டைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

"இது கம்ப்யூட்டரா, கல்யாண மாப்பிள்ளையா?"

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தார். பெட்டியின் பக்கவாட்டுத் தகடைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற சின்ன ஃபேனை எனக்குக் காட்டினார்.

"இதுக்கு அடியில இருக்கு பாரு, அதுதான் பிராசஸர். எல்லா வேலையும் அதுதான் செய்யும். வேலை செஞ்சா சூடாகும். இந்த ஃபேன் ஊதி ஊதி அந்தச் சூட்டை வெளிய தள்ளணும். தாங்க முடியாத அளவு சூடாச்சுன்னா, கருகிடக் கூடாதுன்னு அதுவே அணைஞ்சுக்கும்."

"அப்ப ஃபேன் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தானே சுத்துது! தூசிகூட அதிகமா இல்ல. பேஸ்ட்தான் காஞ்சிருக்கு."

அவர் ஃபேனை எடுத்து, பிராசஸர் மேல் காய்ந்து கிடந்ததைத் துடைத்து, சின்னக் குழாயிலிருந்து புது பேஸ்ட் ஒரு சொட்டு வைத்தார். சூடு பிராசஸரை விட்டுச் சுலபமாக மேலே ஏறி வர அது உதவுமாம். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, ஒரு வீடியோவை ஓடவிட்டார். டீ குடித்தார். அப்பாவிடம் கால்சட்டைக்கு அளவு கொடுத்தார். அவ்வளவு நேரமும் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது.

அவர் போனதும் அப்பா கோட்டை எடுத்து உதறி, ஆசையாகப் போட்டுவிட்டார். பொத்தான் போட நானும் உதவினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாண்டுவிடம் நான் கெஞ்சினேன். "அண்ணன் சரி பண்ணிட்டாரு. இனிமே அம்மா போகமாட்டாங்க. சத்தியமா!" அவன் என்னை நம்பி வந்தான். நாற்காலியில் ஏறினான். அம்மா "என் கண்ணு!" என்றார். வாண்டு, "அம்மா, நம்ம பூனை..." என்றான்.

'உய்ங்ங்.' திரை கறுத்தது.

வாண்டு அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி, துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் போய்விட்டான். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான்தான் கூப்பிட்டேன், நான்தான் சத்தியம் செய்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முறைத்தேன். அண்ணன் இருந்தபோது அவ்வளவு நேரம் ஓடியதே? அவர் போனதும் ஏன் மக்கர் செய்கிறது? அன்றைக்கும் இதே மேஜை, இதே ஒயர். என்ன வித்தியாசம்?

வீடியோ ஒன்றை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் 'உய்ங்ங்' ஆரம்பித்தது. கோட்டுக்குள் கையை விட்டேன். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தேன். உள்ளே அடுப்படி தோற்றது! ஃபேன் ஊதுகிற சூடான காற்று, வெளியே போக வழியில்லாமல் கோட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதே காற்றையே ஃபேன் மறுபடி மறுபடி ஊதிக்கொண்டிருந்தது. பாவம், அது என்னதான் செய்யும்?

பட்டென்று அணைந்தது.

கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "நான் பேசவே இல்ல" என்றான் வாண்டு, அவசர அவசரமாக.

"ஆமாடா! நீ பேசவே இல்ல. ஆனாலும் அணைஞ்சுது, பாத்தியா?"

அவன் யோசித்தான். "அப்ப யாரு பண்ணது?"

"சூடு பண்ணது. இப்ப பாரு."

கோட்டைக் கழற்றினேன். பெட்டி ஆறும்வரை இருவரும் காத்திருந்தோம். மறுபடி வீடியோவைப் போட்டேன். ஃபேன் சத்தம் ஏறவே இல்லை. பெட்டிக்குப் பின்னால் அவன் கையைப் பிடித்து வைத்தேன்.

"காத்து வருதா?"

"வருது."

"இந்தக் காத்து வர்ற வரைக்கும் அம்மா போகமாட்டாங்க. நீ எவ்வளவு வேணாலும் பேசலாம். பேசிப் பாரு."

வாண்டு திரையின் அருகே போய், "பூனை" என்று கிசுகிசுத்தான். ஒன்றும் ஆகவில்லை. "பூனை!" என்று கத்தினான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவன் முகத்தில் சந்தேகம் தீரவில்லை. ஒரு முறை ஏமாந்தவன் ஆயிற்றே.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டை அவர் எப்படித் தைத்தார் என்று எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தையலையும் அம்மாவை நினைத்துக்கொண்டே போட்டார்.

அப்பா துணி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, வெயில்ல ஓடுற ஆளுக்குப் பஞ்சு வெச்ச கோட்டு தைச்சுக் கொடுப்பீங்களா?"

"உனக்கென்ன பைத்தியமா? ஆளு மயங்கி விழுந்துடுவாரு."

"கழுத்துவரைக்கும் பொத்தான் போட்டா?"

"சொல்லவே வேண்டாம், உடனே..."

கத்தரிக்கோல் பாதியில் நின்றது. அப்பா திரும்பி, உள்ளறையில் கோட்டு இல்லாமல் நின்ற கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நானேதான் அவளைப் பாதியில பாதியில அனுப்பிட்டிருந்தேனா?" என்று கேட்டார். அப்பாவின் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "பத்திரமா வெச்சுக்கணும்னுதான்மா தைச்சேன்."

"தெரியும்ப்பா. கோட்டு மேல தப்பு இல்ல, போடுற நேரம்தான் தப்பு. அது தூங்கும்போது போத்திவிடலாம். வேலை செய்யும்போது கழட்டிடலாம். நாம என்ன, கோட்டோடவா குளிக்கிறோம்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெட்டி வெறும் உடம்போடு நின்றது. அப்பா "சாப்பிட்டியா?" என்று கேட்டு முடித்தார். நானும் பேசி முடித்தேன். அம்மா, "வாண்டு இன்னிக்கும் தூங்குறானா?" என்று கேட்டார்.

அவன் மேஜைக்கு அடியில் இல்லை. கதவோரமாக நின்றிருந்தான். மெல்ல வந்து, முதலில் பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தான். பிறகு நாற்காலியில் ஏறினான்.

"அம்மா" என்றான், காதில் விழுந்தும் விழாத குரலில்.

"சொல்லு கண்ணு."

"நம்ம பூனை..."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்தார். அம்மா போகவில்லை.

"நம்ம பூனை இருக்குல்ல, அது துணிமூட்டையில குட்டி போட்டிருக்கு! ஒண்ணு கறுப்பு. ஒண்ணு வெள்ளை. ஒண்ணு கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல..."

அணை உடைந்துவிட்டது. குட்டிகள் முடிந்து, அவன் ஊசியை மிதித்த கதை வந்தது. அப்புறம் நான் அவன் தலையில் குட்டிய கதை. அதை நான் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. அம்மா தலையணையில் சாய்ந்து, "அப்புறம்?" என்றார். "அப்புறம்?" என்றார். பிறகு "ம்ம்..." என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா தூங்கிவிட்டார்.

இரவெல்லாம் நின்று வேலை பார்த்த களைப்பு. நெற்றியில் முடி விழுந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட வேண்டும் போல இருந்தது. கையை நீட்டினேன். கண்ணாடிதான் தட்டுப்பட்டது. அம்மா தூங்குவதைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! எனக்கு அழுகை வந்தது.

யாரும் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிஷின் பக்கம் போகவே இல்லை. அவர் கை சும்மா மடியில் கிடந்தது. முன்னறையில் ஒருவர் வந்து, "சட்டை ரெடியா?" என்று கேட்டார்.

"ஷ்ஷ்ஷ்!" என்று வாண்டு ஓடிப்போய் அவரை அதட்டினான். "எங்கம்மா தூங்குறாங்க!"

"அப்படியா, சாரி" என்று அந்த ஆளும் கிசுகிசுத்துவிட்டு, பூனை நடை நடந்து வெளியே போனார்.

ரொம்ப நேரம் கழித்து அம்மா கண்ணைத் திறந்தார். திரையில் எங்கள் மூன்று முகங்களையும் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"ஐயோ, தூங்கிட்டேனா? நீங்க இன்னும் போகலையா?" என்றார். "வாண்டு, என் கண்ணு... நீ என்ன சொன்னேன்னு நான் சரியா கேக்கவே இல்லையே!"

வாண்டு கொஞ்சம்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.