பிடி, மச்சான்

சிகிச்சைக் குளம் என்று பெயர்தான் பெரிசு. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய தொட்டி, அவ்வளவுதான். பச்சைப் பிள்ளைகூடப் பயப்படாது. ஆனால் கதவைத் திறந்ததுமே வின்ச்காரன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். மீன்பிடிப் படகில் வலை இழுக்கும் வின்ச்சோடு பாதி வயசைக் கழித்தவன், இப்போது வாளித் தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

“இறங்கத்தான் சொல்றேன், முழுக இல்ல,” என்றாள் பயிற்சி கொடுப்பவள். “தண்ணிக்குள்ள விரலை மடக்கிப் பழகலைன்னா இந்தக் கை இப்படியே விறைச்சுப் போயிடும். சட்டைப் பொத்தான் போடக்கூட ஆள் வேணும்.”

வலது கை விரல்கள் மடங்க மாட்டேன் என்று நீட்டிக்கொண்டு நின்றன. கயிற்றுக்கும் படகின் இரும்புக் கம்பிக்கும் நடுவே நசுங்கிய கை அது. அந்தக் கயிற்றின் மறுமுனையில், கடலில் தவறி விழுந்த மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், தொங்கிக்கொண்டிருந்தான்.

படகில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் ‘விடாதே’ என்று கத்த மாட்டார்கள். காற்று வார்த்தையின் வாலைத் தின்றுவிடும்; ‘விடு’ என்றுதான் காதில் விழும். அதனால் எப்போதும் ‘பிடி’தான். உயிர் போகிற அவசரத்தில் மச்சானுக்கு அது மறந்துபோனது.

“விடாதே மச்சான்.”

முழுசாகத்தான் கேட்டது. வலி தாங்கவில்லை. விட்டுவிட்டான்.

“என் கை நசுங்குறதைப் பார்த்து, அவனே விடுன்னு சொன்னான்,” என்று மனைவியிடம் சொல்லி வைத்தான். அண்ணன் உங்க கையைக் காப்பாத்திட்டுப் போயிட்டார் என்று அவள் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். இன்றுவரை எண்ணெய் தடவி நீவி விடுகிறாள். அவள் தொடும்போதெல்லாம் இவனுக்குக் கூசுகிறது. பாவி, ஒருநாளாவது வாயைத் திறந்தானா?

மனைவி முதலில் படியில் இறங்கி, அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கினான். முழங்கால். தொடை. இடுப்பு. ஒன்றும் ஆகவில்லை. ஓரடி, இன்னும் ஓரடி. பல மாதம் கழித்து நெஞ்சு லேசானது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று சிரிப்புகூட வந்தது.

“நீ விடு. நானே நடக்கிறேன்.”

கையைப் பிடித்த பிடி தளரவில்லை.

“விடுன்னா விடேன்.”

“நான் அப்பவே விட்டுட்டேனே,” என்றது மனைவியின் குரல். எங்கோ பின்னால், படிக்கட்டிலிருந்து.

கண்ணைத் திறந்தான். குளத்தின் நடுவில் தனியாக நின்றிருந்தான்.

மருந்து வாடை போய், டீசலும் அழுகிய பாசியும் நாறின. காலடியில் தண்ணீர் சில்லிட்டது.

காதோரம், மெல்ல, பழகிய குரல்.

“பிடி மச்சான்.”

இந்தத் தடவை சரியான வார்த்தை.

அவன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

“பார்த்தீங்களா, மடங்கிடுச்சு!” கரையில் பயிற்சிக்காரி கை தட்டினாள். மனைவி அழுதுகொண்டே அவனைக் கரையேற்றி, பெஞ்சில் உட்கார வைத்தாள். “சரி, இப்போ மெதுவா விரிங்க.”

விரியவில்லை.

மனைவி அவன் முஷ்டியை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். இரும்பாய் இறுகியிருந்தது. “ஏங்க, கையை விடுங்களேன்.”

“எப்படி விடுறது?” என்றான் அவன், எங்கோ பார்த்தபடி. “விடாதேன்னு கத்தினானே.”

அவள் கை அப்படியே நின்றது.

“யாரு?”

யார் என்று அவளுக்கு மட்டும் தெரியாதா என்ன? துவட்டிக் காய்ந்த அந்த முஷ்டியின் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து, அவள் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்புக் கரித்தது.