பெட்டியின் அடியில் கிடந்த மீன்கள்

மீன்காரர் பரிசோதனை அறிக்கையை ஆய்வாளரின் மேசையில் வைத்தார்.

"ஆத்து மீன்ல பாதரசம்னு எழுதிட்டீங்கம்மா. என் மக ஆறு மாசம் முழுகாம இருக்கா. தினம் நான் புடிச்ச மீனைத்தான் தின்னா. மூணு வாரமா வயித்தைப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டே கிடக்கா. அவளுக்கு நான் என்ன சொல்றது?"

உதவியாளன் முந்திக்கொண்டான். பிழைக்க வந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதம். கேட்காததற்கும் பதில் சொல்லிவிடுவான்.

"ஆத்தங்கரையில டியூப்லைட் உடைச்சு பாதரசத்தைக் கொட்டுற பட்டறைக்காரர் வேலைதான் மேடம். நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீ பொறந்த அன்னிக்கே சொல்லியிருப்ப. உட்காரு."

ஆய்வாளர் அறிக்கையை நிதானமாகப் படித்தார்.

"பெரிய மீன் சின்ன மீனை முழுங்குது. பாதரசம் எதுல அதிகமா சேரணும்?"

"பெரிசுல."

"இங்க விரால்ல வழக்கமான அளவுதான். கெண்டைக்குஞ்சுலயும் சேத்துலயும் எக்கச்சக்கம். மாதிரி எடுத்துட்டு வந்த பெட்டியில எதை அடியில வச்ச?"

"சேத்து டப்பா, குஞ்சுங்க. மேல விரால்."

"பாதரசம் கனம். அடியிலதான் போய் உட்காரும்."

ஆய்வாளர் அவனுடைய குறிப்பேட்டைப் புரட்டினார்.

"தண்ணியோட சூடு. முதல் மூணு இடத்துல இருபத்தாறு, இருபத்தேழரை, இருபத்தஞ்சரை. அப்புறம் ஆறு இடத்துலயும் இருபத்தேழு. காலையிலயும் அதே, உச்சி வெயில்லயும் அதே. தெர்மாமீட்டர் எங்கப்பா?"

அவன் எழுந்து நின்றான்.

"பெட்டிக்குள்ள உடைஞ்சு பாதரசம் கொட்டிடுச்சு மேடம். துடைச்சிட்டேன்னு நினைச்சேன். வேலை போயிட்டா வீட்ல என்ன சொல்றதுன்னு பயந்து... மீதியை நானே எழுதிட்டேன்."

"கீழ கையெழுத்து யாரோடது?"

"உங்களோடது."

"ஆறு இடத்துலயும் இருபத்தேழு. கண்ணைத் திறந்துக்கிட்டே போட்டிருக்கேன்." அவர் மீன்காரரைப் பார்க்கவில்லை. "இந்த அறிக்கை செல்லாதுங்க. நாளைக்குப் புது மீன், புதுப் பெட்டி. நானே வரேன்."

மீன்காரர் கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தான் உதவியாளன். அவரோ எழுந்து, "வா தம்பி, அவகிட்ட நீயே சொல்லு" என்றார்.

மீன்காரர் வீட்டில் கதவைத் திறந்த மகளின் கண்கள் வீங்கியிருந்தன.

"யாருப்பா இது?"

"பரிசோதனை பண்ற தம்பி. பயப்படாதன்னு சொல்ல வந்திருக்காரு."

அவள் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவனால் உட்கார முடியவில்லை.

"இல்லக்கா," என்றான் தரையைப் பார்த்தபடி. "நான் செஞ்சதைச் சொல்ல வந்தேன்."